தண்ணி வந்ததா, வந்ததாமா? சொந்தமாக ஒரு மொழி கட்டுவது பற்றி

கேள்வி, மே 18

கதை ஒன்றுக்காக ஒரு மொழி உருவாக்க ஆசை. பாகுபலி படத்தில் காலகேயர்களுக்கு மதன் கார்க்கி செய்த கிளிக்கி மாதிரி. இங்கிலீஷ் வழிகாட்டிகளில் அட்டவணை கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். நம் இலக்கணத்தை எடுத்தால் எல்லாம் தமிழ் மாதிரியே ஆகிவிடுகிறது. இலக்கணத்தை விட்டுவிட்டு ஐந்நூறு சொல் மட்டும் செய்தால் போதாதா?

மே 18, இரவு

போதாது. செய்து பார்த்துக் கெட்டவன் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நானும் சித்தப்பா மகனும் ஒரு நீள நோட்டில் நானூறு சொல் எழுதினோம். தண்ணீருக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று, கணக்கு வாத்தியாருக்கு மூன்று. பரீட்சை ஹாலில் பேசிக்கொள்ளத்தான். பேச ஆரம்பித்ததும் குட்டு உடைந்தது. 'நேற்று அவன் எனக்குச் சோறு கொடுக்கவில்லை' என்பதில் ஒவ்வொரு சொல்லாக உருவிவிட்டு வேறொன்றைச் சொருகினோமே தவிர, வரிசை, காலம், உருபு எல்லாம் தமிழாகவே நின்றது. எனக்கு என்பதில் இருக்கிற 'கு'வைக்கூட மாற்றத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து 'க' போட்டுப் பேசுவார்களே, 'கநா களை கக்கு' என்று, அதற்கும் எங்கள் நோட்டுக்கும் உழைப்பில்தான் வித்தியாசம்.

இந்த மாதிரிச் சங்கதிக்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது, குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். சந்தையில் மாட்டுத் தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதும் அந்த ரகம். ரகசியம் காக்கும், அவ்வளவுதான்.

மே 19

சொல் செய்வதற்கு முன்னால் சொல் எப்படித் தொடங்கலாம், எப்படி முடியலாம் என்று முடிவு பண்ணுங்கள். இதற்கு நான் பார்த்ததிலேயே நல்ல கையேடு தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம். மொழிமரபு என்ற இயலில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று சட்டம் போட்டிருக்கிறார். ஆவோடு அல்லாமல் யகரம் முதலில் வராது. சகரத்தோடு அ, ஐ, ஔ சேர்ந்து முதலில் வராது. அந்தக் கணக்குப்படி நாம் குறுவை போடலாம், தாளடி போடலாம், சம்பா மட்டும் போட முடியாது.

நான் செய்தது இதைத் தலைகீழாகப் பிடித்ததுதான். தமிழில் முதலில் வராதது என் மொழியில் முதலில் வரட்டும், கடைசியில் நிற்காத வல்லின மெய் கடைசியில் நிற்கட்டும் என்று. ங-வில் தொடங்கிச் சொல் பேசுகிற வியட்நாம்காரர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள். மொழிக்கு 'ஙேலக்' என்று பேர் வைத்தேன். கேட்ட முதல் ஆள் என் அத்தை.

"என்னடா அது, நேலக்கா? நெய்விளக்கா?"

மே 19, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு திருத்தம். சகரம் பற்றிய அந்த நூற்பாவுக்கு இன்னொரு பாடமும் உண்டு, ஔ ஒன்றை மட்டும் விலக்குவதாக. அதை ஏற்றுக்கொண்டால் சம்பா தப்பிக்கிறது. என் நகைச்சுவைதான் செத்துப்போகிறது.

மே 22

'எல்லாம் தமிழ் மாதிரியே ஆகிவிடுகிறது' என்று கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தமிழ் வீட்டில் நாம் புழங்குகிற அறை இரண்டு மூன்றுதான், பூட்டிக் கிடக்கிற அறைகளில் போய்த் திருடுங்கள். சுட்டெழுத்து அ, இ இரண்டும் நமக்குத் தெரியும், மூன்றாவதாக ஒரு உ இருந்ததே, அது எங்கே போயிற்று? இந்தப் பக்கம் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உது, உவன் என்று இன்னும் பேசுகிறார்கள். நான் அதை எடுத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்பதைக் காட்ட வைத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியும், பேச்சுக் கேட்கும், கையை நீட்டினால் எட்டாது.

இன்னொன்று, பழைய எதிர்மறை. 'செய்யேன்' என்பதில் காலம் காட்ட ஒன்றுமே இல்லை. செய்யவில்லை, செய்வதில்லை, செய்யமாட்டேன் மூன்றும் அதற்குள் அடக்கம். நடக்காத காரியத்துக்கு நேற்று என்ன, நாளை என்ன என்று விட்டுவிட்டார்கள் போல. ஙேலக்கில் மறுத்துச் சொன்னால் காலம் கழன்றுவிடும். கதைக்குள் வரும் வழக்கு விசாரணைக்கு இது பெரிய தலைவலி என்று பிறகு தெரிந்தது, ஆனால் கதைக்குத் தலைவலி நல்லதுதான்.

அப்புறம் தேங்கு - தேக்கு, நிரம்பு - நிரப்பு, இறங்கு - இறக்கு. தண்ணீர் தானாகச் செய்வதற்கு மெல்லினம், மனிதன் செய்யவைப்பதற்கு வல்லினம். இதைக் கண்டுபிடித்த அன்று கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தர் மட்டும் நின்று கேட்டார், அவருக்கும் மீதிச் சில்லறை வரவேண்டியிருந்தது.

மே 25

அட்டவணை நிரப்புவதில் நான் எங்கே வழுக்கினேன் என்று சொல்கிறேன். இங்கிலீஷ் புத்தகத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே ஒரு கட்டம். ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்கு வந்த அத்தை செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "நாங்க சாப்ட்டாச்சு, நாம கெளம்பலாம்." இதை ஙேலக்கில் சொல்லிப் பார்த்தால், சாப்பிட்டது யார், கிளம்புவது யார் ஒன்றும் விளங்கவில்லை. கேட்பவரைச் சேர்க்கும் நாம், சேர்க்காத நாங்கள், இரண்டையும் பிறந்ததிலிருந்து பேசுகிறவன் அதை மறந்து ஒரே கட்டத்தில் போட்டிருக்கிறேன். தெலுங்கில்கூட மேமு, மனமு என்று இரண்டு இருக்கிறது.

அதனால் தன் மொழியைப் பார்க்க வெளியாள் கண் வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். எங்கும் போக வேண்டாம், தரங்கம்பாடி போதும். 1706-ல் அங்கே கப்பலில் வந்து இறங்கிய சீகன்பால்கு, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். பத்தே வருஷத்தில், 1716-ல், தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதி ஜெர்மனியில் ஹாலேயில் அச்சேற்றிவிட்டார். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர், பேச்சுத் தமிழுக்கு என்று தனியாக ஒரு இலக்கணம் எழுதினார். அவருக்கும் தரங்கம்பாடிக்காரர்களுக்கும் மதச் சண்டை வேறு. ஆனாலும் அந்த இலக்கணம் 1738-ல் அச்சானது தரங்கம்பாடி அச்சகத்தில்தான். நாம் சிந்திக்காமல் வாயில் போட்டு மெல்லுவதையெல்லாம் இவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. உங்கள் மொழிக்கும் அப்படி ஒரு வெளியாளைக் கற்பனை பண்ணி, அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். கட்டம் நிரப்புவதை விட எனக்கு இது உதவியது.

மே 30

திணை. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரம் தொடங்குவதே மக்கள் உயர்திணை, மற்றது அஃறிணை என்று பிரித்துத்தான். நான் மூன்றாகப் பிரித்தேன்: ஓடுவது, தேங்குவது, காய்ந்தது. ஆறு, காற்று, பிள்ளைகள், பேச்சு எல்லாம் ஓடுவது. குளம், மாடு, கோயில், கிழவர்கள் தேங்குவது. வைக்கோல், எலும்பு, பத்திரம் காய்ந்தது. நெல் வயலில் நிற்கும்போது தேங்குவது, களத்துக்கு வந்தால் காய்ந்தது, பத்தாயத்தில் கொட்டும்போது சரசரவென்று போகிறதே, அப்போது ஓடுவது. ஒரே பெயர்ச்சொல் மூன்று திணையிலும் நடக்கும். ஒரு வாரம் தரையில் கால் படவில்லை எனக்கு.

அத்தையிடம் சோதித்தேன். "கடன் எதுல வரும்?"

"வடியாததெல்லாம் தேங்குறதுதான்."

"பணம்?"

"யாரு வீட்டுப் பணம்னு சொல்லு."

இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

ஜூன் 1

இரண்டு நாள் யோசித்ததில் அந்தத் திணை மேல் சந்தேகம் வந்துவிட்டது. ரொம்ப அழகாக இருக்கிறது. நிஜ மொழியில் திணை இவ்வளவு அர்த்தத்தோடு இருக்காது. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அதனால் நாற்பது சொல்லைத் தாளில் எழுதிக் கலைத்துப் போட்டு, வந்த திணையை அப்படியே ஒட்டிவிட்டேன். இப்போது ஙேலக்கில் உப்பு ஓடுவது, தவளை காய்ந்தது. தவளை விஷயத்தில் அத்தைக்கு என் மேல் வருத்தம்.

சொற்களை ஒழுங்காக அடுக்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்குத் துணை நிறையப் பேர் உண்டு. 12-ம் நூற்றாண்டில் ஹில்டெகார்ட் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரி ஆயிரத்துச் சொச்சம் சொல்லைப் புதிதாகச் செய்து, கடவுளில் தொடங்கி வரிசையாக அடுக்கினார். பார்த்ததும் எனக்குத் திவாகரம் ஞாபகம் வந்தது. அம்பர்ச் சேந்தன் ஆதரவில் எழுந்த அந்த நிகண்டும் தெய்வப் பெயரில் தொடங்கி மக்கள், விலங்கு என்று போகும். என்ன, திவாகரர் இருந்த சொல்லை அடுக்கினார், அந்த அம்மா இல்லாத சொல்லை அடுக்கினார்.

ஜூன் 4

எண். பத்து பத்தாக எண்ணுவது சலித்துவிட்டதா, நம் ஊர் நிலக்கணக்கைப் பாருங்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பழைய பின்னக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒரு பங்கு. அதாவது வேலியை ஒன்று என்று வைத்தால் நிலத்து மாவும் எண்ணின் மாவும் ஒன்றேதான்! தாத்தா காலத்து ஆட்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. மூன்று மா ஒரு ஏக்கர் என்று பத்திரம் டைப் அடித்து அடித்துக் கை தேய்ந்த எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் உறைத்தது. ஙேலக்கில் ஒன்று, இரண்டு என்று ஏறி எண்ணும் பழக்கமே வேண்டாம், வேலியிலிருந்து இறங்கி எண்ணட்டும் என்று வைத்துவிட்டேன். ஙேலக் பேசுகிறவர்களுக்கு 'ஒன்று' என்பது முழுசு. மீதியெல்லாம் பங்கு.

ஜூன் 4, திரும்பவும்

மாகாணி மாவில் கால் பங்கா என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். இல்லை, மாவில் கால் என்பது காணி, எண்பதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, பதினாறில் ஒன்று. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

ஜூன் 7

திசை. மேற்கு மேலிலிருந்து வந்தது, கிழக்கு கீழிலிருந்து. காவிரி மேற்கே இருந்து கிழக்கே போகிறது. மேலத்தெரு, கீழத்தெரு, மேலண்டை வீடு, கீழண்டை வீடு. பந்தியில்கூட "கொஞ்சம் கெழக்க நகந்து ஒக்காரு" என்பார்கள், வலது இடது பேச்சே கிடையாது. ஆஸ்திரேலியாவில் கூகு யிமிதிர் பேசுகிறவர்களும் இப்படித்தான், எதையும் திசை சொல்லியே சுட்டுவார்கள். ஙேலக்கில் வலது இடது இல்லை, மேல்நீர், கீழ்நீர் மட்டும்தான். கீழ்நீர் என்றால் கிழக்கு.

ஜூன் 8

மேலே எழுதியதில் கடைசி வரி தப்பு. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "ஏண்டா, நம்மூர்ல தண்ணி தெக்கால்ல போவுது?" என்றார். மானம் போயிற்று. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பிறந்துவிட்டு, பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக் காயலைப் பார்த்து இறங்குவதை மறந்து, தஞ்சாவூர்ப் பாடப்புத்தகத்தை நம்பி எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் கீழ்நீர் தெற்கு.

ஆனால் இதை அழிக்கவில்லை. ஙேலக்குக்கு இப்போது இரண்டு வட்டார வழக்கு. மேல்தலைப்புக்காரன் 'கீழ்நீருக்கு வா' என்றால் கிழக்கே வரச் சொல்கிறான், கடைமடைக்காரன் சொன்னால் தெற்கே. கதையில் ஒருத்தன் இதனாலேயே வழி தப்பிப்போகிறான். ஐந்நூறு சொல் செய்திருந்தால் இந்த ஒரு பிழை கிடைத்திருக்காது.

ஜூன் 12

மேட்டூர் திறக்கிற நாள். 1934-ல் அணை கட்டி முடித்ததிலிருந்து தண்ணீர் இருந்தால் இந்தத் தேதிதான், இல்லாவிட்டால் இந்தத் தேதியைச் சொல்லிச் சண்டை.

இன்று கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். "தொறந்தாச்சாம்." "இத்தனை ஆயிரம் கனஅடியாம்." "கல்லணைக்கு மூணு நாள்ல வந்துருமாம்." ஒரு நாள் முழுக்க எத்தனை 'ஆம்'! கடைமடையில் தண்ணீர் காதில்தான் முதலில் வரும், வாய்க்காலில் வர வாரக்கணக்கு ஆகும். வந்தான் என்றால் நான் பொறுப்பு, வந்தானாம் என்றால் சொன்னவன் பொறுப்பு. இந்த 'ஆம்' என்ற ஒன்றைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் யாரும் தனியாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை. துருக்கியில் -மிஷ் என்று ஒரு விகுதி இதே வேலையைச் செய்கிறது. அமேசான் காட்டில் துயூகா மொழியில் இப்படி ஐந்து வகை, ஒன்றைச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது.

ஙேலக்குக்கு மூன்று வைத்தேன். கட்டாயம். தண்ணீர் 'லோம்', வருவது 'செ'.

லோம் செகா: தண்ணீர் வந்தது, கண்ணால் பார்த்தேன்.
லோம் செமு: வந்ததாம்.
லோம் செதி: வந்திருக்கும்போல, தவளைச் சத்தம் கேட்கிறது.

நோட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கிழித்துப் போட்டு இது ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்வேன். எதைச் சொல்ல முடியும் என்பதைவிட எதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பதில்தான் ஒரு மொழியின் முகம் தெரிகிறது என்பது என் கட்சி. தமிழில் 'வந்த'தோடு நிறுத்த முடியாது, வந்தது ஆணா பெண்ணா மாடா என்று சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, உனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஜூன் 14

அக்கா பையன் கேட்டான்: "மாமா, அப்ப இதுல பொய் எப்படி சொல்றது?" ஏழாம் வகுப்பு. சரியான இடத்தில் கை வைத்துவிட்டான்.

பார்க்காததற்குக் -கா போட்டால் பொய். பார்த்துவிட்டு -மு போட்டால் அதுவும் பொய், ஆனால் அதற்குத் தண்டனை குறைவு. மடையை உடைத்தவன் 'உடைந்ததாம்' என்பான் இல்லையா? அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சி சொல்கிறவன் -மு போட்டால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். எதிர்மறையில் காலம் இல்லை என்று மே 22-ல் வைத்தேனே, அது இங்கே வந்து முட்டுகிறது: 'உடைக்கேன்-கா'. எதைக் கண்ணால் பார்த்தான், உடைக்காததையா? விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூன் 21

இவ்வளவு சிக்கல் எதற்கு, எஸ்பெராண்டோ மாதிரிச் சுலபமாகச் செய்யலாமே என்று ஒருத்தர். செய்யலாம். 1887-ல் ஸாமென்ஹாஃப் பதினாறே விதியில் முடித்தார், பெயர்ச்சொல் எல்லாம் ஓ-வில் முடியும், விதிவிலக்கு இல்லை. டோக்கி போனா இன்னும் சின்னது, 2001-ல் வந்தது, நூற்று இருபது சொல் சுமார். ஆனால் அவர்கள் ஊர் உலகம் பேசச் செய்தார்கள், அல்லது மனசை எளிமையாக்கச் செய்தார்கள். உங்கள் கதையில் ஆயிரம் வருஷமாக ஒரு ஜனம் பேசிய மொழி வேண்டும் என்றால் அதில் தழும்பு வேண்டும். எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்த தமிழ், ஒன்பதுக்கு வந்ததும் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று குதிக்கிறதே, அந்த மாதிரி. குழந்தை கேட்டால் "அது அப்படித்தான்" என்று நாம் சொல்கிற இடங்கள்.

தழும்பை எப்படிச் செய்வது என்று கேட்காதீர்கள். நான் செய்தவை எல்லாம் செய்ததாகவே தெரிகின்றன. தானாக வந்தது ஒன்றுதான். அந்த ஒன்பதாம் வகுப்பு நோட்டு 2018 கஜா புயலில் கூரையோடு போய், மூன்றாம் நாள் கிணற்றடியில் கிடைத்தது. மை ஊறி, பாதி சொல்லுக்கு வால் இல்லை. ஙேலக்குக்கு அதிலிருந்து சொல் எடுத்தபோது தெரிந்தவரை அப்படியே எடுத்தேன். 'செ'கூட அப்படித்தான், முதலில் அது என்னவாக இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. சித்தப்பா மகனுக்கு போன் போட்டேன், அவனுக்குக் கணக்கு வாத்தியாருக்கு வைத்த மூன்று சொல்லும் ஞாபகம் இருக்கிறது, வேறு எதுவும் இல்லை.

ஜூன் 26

மொழியின் பேரை மாற்றிவிட்டேன். அத்தை, அக்கா பையன், ஒரு தடவை கடைக்கு வந்த கரண்ட் ஆபீஸ்காரர் என்று மூன்று பேர் வாயிலும் அது 'நேலக்கு'. ங போயிற்று, கடைசி க்-குக்கு ஒரு உகரம் ஒட்டிக்கொண்டது. பேங்கு, பஸ்ஸு மாதிரி. நான் தலைகீழாகப் பிடித்த தொல்காப்பியர் சத்தமில்லாமல் நேராகத் திருப்பி வைத்துவிட்டார்.

ஜூலை 6

காலை ஆறேகால் மணிக்கு ஊரிலிருந்து அக்கா பையன் குரல் பதிவு அனுப்பியிருந்தான். பின்னால் அத்தை யாரையோ திட்டுவது கேட்கிறது. அவன் சொன்னது இரண்டே சொல்:

"லோம் செமுகா."

அப்படி ஒரு வடிவம் கிடையாது. -மு போட்டால் -கா வராது, நோட்டில் எழுதியே வைத்திருக்கிறேன். தப்பு என்று சொல்லத்தான் கூப்பிட்டேன்.

"தப்பு இல்ல மாமா. பத்து நாளா வந்துருச்சாம் வந்துருச்சாம்னு எல்லாரும் சொல்லிக்கிட்டே இருந்தாங்கள்ல? இப்ப நான் வாய்க்கால்லதான் நிக்கிறேன். முட்டி வரைக்கும் இருக்கு."

நோட்டில் நாலாவதாக எழுதிக்கொண்டேன்.